வயலோரத்து விருந்தாளிகள்

குற்றாலத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அருவியில் நீராடுகிறார்கள். ஈரத் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, கடைவீதியில் நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம் வாங்குகிறார்கள். வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். பாறையில் விழுந்து சிதறிய அந்தத் தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலர். அது சிற்றாறாகவும் கால்வாய்களாகவும் பிரிந்து, குளங்களை நிரப்பி, மடை வழியே இறங்கி, இலஞ்சி, மேலகரம், தென்காசிப் பக்கத்து வயல்களில் நெல்லாக மாறுகிறது. அருவியை நாடி வருகிற கூட்டம் ஒன்று என்றால், அந்த நெல்வயலை நாடி வருகிற கூட்டம் இன்னொன்று. இந்த இரண்டாவது கூட்டத்தாருக்கு இறக்கைகள் உண்டு.

இலஞ்சிக் குமாரர் கோயிலில் தரிசனம் முடித்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வயற்புறமாக நடந்து பார்க்க வேண்டும். உழவு நடக்கிற இடத்தில் வெண்கொக்குகள் டிராக்டரின் பின்னாலேயே அணிவகுத்துச் செல்லும். மடையோரத்தில் மடையான் தவசியைப் போல் அசையாமல் நிற்கும். கரிச்சானும் பஞ்சுருட்டானும் மின்கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைக் கொத்திக்கொண்டு மறுபடியும் கம்பிக்கே திரும்பும். புதரடியில் கானாங்கோழி குட்டை வாலைத் தூக்கிக்கொண்டு நழுவும். ஐப்பசி பிறந்துவிட்டால் உள்ளான், தகைவிலான், வாலாட்டி முதலிய வடதேசத்து விருந்தாளிகளும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

இது இன்று நேற்று ஏற்பட்ட காட்சியன்று. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியிலே, சிங்கன் என்னும் வேடன் இந்தச் சீமை வயல்களில் வந்திறங்கும் பறவைகளைப் பெயர் பெயராகச் சொல்கிறான். சொல்லிவிட்டுக் கண்ணி வைக்கப் புறப்படுகிறான். அந்தச் சிங்கன் கையில் கண்ணி. இன்றைய பறவைப் பிரியர் கையில் தொலைநோக்கி. கருவி மாறியது மிகவும் நல்லதே. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்றாகவே இருக்கிறார்கள்: இருவரும் நிற்பது பிறருடைய வயலில்.

பறவை பொது, வரப்பு பொதுவன்று

பறவை பார்க்கும் பழக்கம் நம் குடும்பங்களில் பரவி வருவது சந்தோஷத்துக்குரிய விஷயம். விடுமுறை நாட்களில் தகப்பனாரும் தாயாரும் குழந்தைகளும் தொலைநோக்கியும் காமிராவுமாகக் கிளம்புகிறார்கள். கையடக்கமான புத்தகத்தைப் புரட்டி, ‘இது பனங்காடை, இது அரிவாள்மூக்கன்’ என்று பிள்ளைகள் சொல்லும்போது கேட்பவர் மனம் குளிர்கிறது. சலீம் அலி அவர்களின் ‘இந்தியப் பறவைகள்’ என்ற ஆங்கில நூல் 1941-இல் வெளிவந்த காலத்தில் இத்தகைய ரசனை விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரிடமே இருந்தது. இன்று அது பள்ளிக்கூடத்துப் பையன் வரையில் வந்துவிட்டது.

ஆயினும் வயற்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பும் நம் காதில் விழாமல் இல்லை. புதிதாகச் சேறு பூசிய வரப்பின்மேல் நாலைந்து பேர் நடந்தால் வரப்பு சரிகிறது. வயலில் தேக்கிய தண்ணீர் அண்டை வயலுக்குக் கசிந்துவிடுகிறது. நாற்றங்காலில் ஒரு கால் பதிந்தால் அந்த இடத்து நாற்று போயிற்று. கேட்டால், ‘பறவையைத்தானே பார்க்கிறோம், எதையாவது எடுத்துக்கொண்டா போகிறோம்?’ என்று பதில் வருகிறது.

பறவை யாருக்கும் சொந்தமன்று, வாஸ்தவம். ஆனால் வரப்பு ஒருவருக்குச் சொந்தம்; அதன்மேல் அவருடைய கூலிச் செலவும் முதுகுவலியும் இருக்கின்றன. அத்துமீறி நுழைதல் என்பதைக் குறித்துச் சட்டம் இருக்கிறது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையும் அதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு நுழைந்தவரின் எண்ணத்தைச் சட்டம் பார்க்கும். வரப்போ எண்ணத்தைப் பார்ப்பதில்லை. பாதத்தின் பாரத்தை மட்டுமே பார்க்கிறது. ஆகையால் ‘நமக்குக் கெட்ட எண்ணம் இல்லை’ என்பது இங்கே போதுமான சமாதானமாகாது.

நடப்பவர்களுக்கு மிகத் தாராளமாக உரிமை வழங்கிய நாடுகளும் விளைநிலத்தைத் தனியாகவே வைத்திருக்கின்றன. சுவீடன் தேசத்தில் காட்டிலும் மேட்டிலும் எவரும் கேளாமலே நடக்கலாம் என்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் பயிர் நிற்கும் நிலத்திலும் வீட்டு முற்றத்திலும் அந்த வழக்கம் செல்லாது. இங்கிலாந்தில் 2000-இல் இயற்றிய சட்டம் திறந்த மேட்டு நிலங்களில் பொதுமக்கள் உலாவ உரிமை தந்தது. உழுது பயிரிடும் நிலத்தை அதிலிருந்து விலக்கியது. உலகம் முழுவதும் பயிருக்கு இந்த மரியாதை உண்டு.

வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

அநுமதி கேட்பது வெறும் உபசாரம் என்று சிலர் நினைக்கலாம். அது பறவையின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதே நம் அபிப்பிராயம். அதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது.

செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் ஏரியில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டி வருகின்றன. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. அந்த நீர் வயலுக்குப் பாயும்போது எருவும் சேர்ந்தே பாய்கிறது. இதைக் கண்டறிந்த அவ்வூர்க் குடியானவர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுச் செல்வம்போலக் காத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 1858-இல் அந்தக் கௌல் புதுப்பிக்கப்பட்டது. இங்கிலாந்தில் கடற்பறவைகளைக் காக்கச் சட்டம் செய்த ஆண்டு 1869. அதற்கு 71 ஆண்டுகளுக்கு முன்பே நம் குடியானவர்கள் ஆட்சியாளரிடம் வாதாடி வெற்றி பெற்றிருக்கிறார்கள்!

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. பறவைக்காக முறையிட்டவர்கள் பண்டிதர்கள் அல்லர், நிலத்தை உழுதவர்கள். பறவைக்குத் தீங்கு செய்தவர்கள் வெளியிலிருந்து வந்து, கேளாமல் நுழைந்தவர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருநெல்வேலிச் சீமையிலேயே நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம் இருக்கிறது. அங்கே நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, தெருவில் வீட்டு வாசலிலுள்ள மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை ஊரார் எடுத்து வளர்க்கிறார்கள். பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைக்கூட விட்டிருக்கிறார்கள். அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். ஊரார் காவல் அதற்கு மிகவும் முந்தியது.

இலஞ்சி வயலுக்குச் சரணாலயம் என்ற பெயர்ப்பலகை இல்லை. அங்குள்ள பறவைகளுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, வயற்காரர் மனம் வைத்து விட்டுவைத்திருப்பதுதான். பனைமரத்தை வெட்டாமல் விட்டால் தூக்கணாங்குருவிக்கு வீடு. கிணற்றுமேட்டுப் புதரைக் கொளுத்தாமல் விட்டால் கானாங்கோழிக்கு மறைவு. கேளாமல் நுழைகிறவர்களால் வயற்காரர் சலித்து, ‘இந்தப் பறவைகளால்தான் இவ்வளவு தொல்லை’ என்று நினைத்துவிட்டால், அந்தப் பனையும் புதரும் எத்தனை நாள் நிற்கும்?

யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது?

வயல் ஒருவர் பெயரில் இருக்கும். குத்தகைக்கு உழுகிறவர் வேறொருவராயிருப்பார். சொந்தக்காரர் சென்னையிலோ பம்பாயிலோ உத்தியோகத்தில் இருக்கலாம். தொலைபேசியில் அவரிடம் சம்மதம் பெற்றதோடு நின்றுவிடக் கூடாது. நிலத்தில் இறங்கி வேலை செய்பவரிடமும் கேட்க வேண்டும். நீர்பாய்ச்சியோ தோப்புக் காவற்காரரோ இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்வது முறை. கோயில் நிலமானாலும் உழுகிறவர் ஒருவர் உண்டு. குளக்கரை பொது வழியாயிருக்கலாம். குளத்து மீனை ஒருவர் குத்தகைக்கு எடுத்திருப்பார். மலையேறிக் காட்டுக்குள் போவதென்றால் வனத்துறையின் அநுமதி இல்லாமல் ஓர் அடியும் வைக்கலாகாது.

கேட்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். நடவும் அறுப்பும் நடக்கிற காலை வேளையில், நாலு ஏக்கருக்கு ஆள் விட்டுத் தவித்துக்கொண்டிருப்பவரிடம் போய்க் குருவியைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கோபம் வருவது இயல்பே. முதல் நாள் மாலையே, டீக்கடையிலோ களத்துமேட்டிலோ கண்டு கேட்டுவிடுவது உத்தமம். பெரிய சொற்கள் வேண்டியதில்லை.

“அண்ணாச்சி, நாங்க தென்காசியிலிருந்து வாறோம். நாளைக் காலையில உங்க வயலோரம் நின்னு பறவை பாக்கலாமா? நாலு பேருதான். பயிர்ல இறங்க மாட்டோம்.”

“பறவையைப் பாத்து என்ன செய்யப் போறிய?”

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். காமிராவும் குறிப்புப் புத்தகமுமாக ஒருவர் வந்து நின்றால் வயற்காரருக்குப் பல சந்தேகங்கள் தோன்றுவது சகஜம். நிலத் தரகரோ? சாலைக்கு நிலம் எடுக்க அளக்க வந்தவரோ? மயிலைப் பற்றிப் புகார் எழுதப் போகிறவரோ? பார்த்த பறவைகளைக் குறித்து வைப்போம், படம் எடுப்போம் என்று சொல்லி, முந்திய நாள் எடுத்த படம் இரண்டைக் காட்டினால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எத்தனை பேர், எந்நேரம், எந்த வழி என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். நாலு பேர் என்று சொல்லிவிட்டுப் பதினாலு பேர் வந்து நிற்பது வாக்குத் தவறுதலாகும்.

கேட்பதில் நமக்கும் லாபம் உண்டு. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காக மின்வேலி போட்டிருப்பார்கள். வடகரை, மேக்கரைப் பக்கங்களில் யானை இறங்குவதும் உண்டு. எந்த வயலில் நேற்று மருந்து அடித்தார்கள், எந்தப் புதருக்குப் பின்னால் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு இருக்கிறது என்பதெல்லாம் அங்கே பாடுபடுகிறவருக்குத்தான் தெரியும். அநுமதி கேட்ட விருந்தாளிக்கு அவர் எச்சரிக்கை சொல்லி அனுப்புவார். கேளாமல் நுழைந்தவருக்கு யார் சொல்வது?

மறுத்துவிட்டால் என்ன செய்வது? ‘சரி அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டுப் புன்னகையோடு திரும்ப வேண்டும். காரணம் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. சாலையோரத்தில் நின்று பார்த்தாலும் பறவை பறவைதான்.

வயலுக்குள்ளே

அநுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான பொறுப்பு ஆரம்பிக்கிறது. ஒருவர் பின் ஒருவராக, நன்றாக உலர்ந்து இறுகிய வரப்பில் மட்டும் நடக்க வேண்டும். வேலிப் படலைத் திறந்தால் மூட வேண்டும். மூடியிருந்ததை மூடியும் திறந்திருந்ததைத் திறந்தும் விட்டு வர வேண்டும். மடையிலே கல்லையோ பலகையையோ நகர்த்தக் கூடாது. அது யாருடைய முறைத் தண்ணீரோ நமக்குத் தெரியாது. நெல் குவித்த களத்தில் செருப்போடு ஏறலாகாது. வயல் நடுவிலுள்ள சாஸ்தாவுக்கும் சுடலைமாடனுக்கும் அதே மரியாதை உண்டு. நடவு நடும் பெண்களைக் கேளாமல் படம் எடுப்பது, அவர்கள் வீட்டுக் கூடத்தில் புகுந்து படம் எடுப்பதற்குச் சமானம்.

பறவைகளிடத்திலும் ஓர் அநுமதி உண்டு. ஆள்காட்டிக் குருவியைப் பாருங்கள். தரிசிலும் வரப்போரத்திலும் நாலு முட்டைகளைத் திறந்த தரையிலேயே இடும்; முட்டைக்கும் கூழாங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. கோடை வெயிலில் தாய்ப்பறவை நிழலாக நின்றும், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்தும் முட்டையைக் குளிர்விக்கும். நாம் அருகில் நின்றால் அது முட்டையிடம் திரும்பாது. பத்து நிமிஷம் வெயிலில் கிடந்தால் உள்ளே இருக்கும் உயிருக்கு ஆபத்து, காகமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே அது கத்திக்கொண்டு சுற்றினால், ‘மிக நெருங்கிவிட்டீர்கள்’ என்று பொருள். உடனே வந்த வழியே பின்வாங்க வேண்டும்.

தூக்கணாங்குருவிக் கூட்டைப் படமெடுக்க ஓலையை வளைப்பதும், கிளையை ஒடிப்பதும், கூட்டை வீட்டு அலங்காரத்துக்குக் கொண்டுபோவதும் தகாத காரியங்கள். காலியான கூட்டிலும் சில்லைகள் குடியேறும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கச் செய்து வரவழைப்பது, எதிரி வந்துவிட்டான் என்று பொய் சொல்லி ஒரு குடும்பத் தலைவனை வாசலுக்கு இழுப்பது போன்றது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டையாடுதல் என்றே வகைப்படுத்துகிறது. துப்பாக்கி இல்லாமலே வேட்டைக்காரராகலாம் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

கண்டதையெல்லாம் ஊருக்குச் சொல்வதும் கூடாது. பனைப் பொந்தில் கூகை இருக்கும் இடத்தை இணையத்தில் எழுதினால், மறுநாளே இருபது காமிராக்கள் அந்த வயலில் இறங்கும். மாந்திரீகத்துக்கு ஆந்தை தேடுகிறவனும் அதைப் படித்திருப்பான். வயலுக்கு நஷ்டம், எலிகளைத் தின்று நெல்லைக் காக்கும் கூகைக்கும் நஷ்டம். பறவைக் கணக்கை ‘ஈ-பேர்டு’ போன்ற இணையதளங்களில் பதிவு செய்கிறவர்கள், தனியார் நிலத்தைப் பொது இடம்போலக் குறித்துவிடாமல், கூட்டின் இடத்தை வெளியிடாமல் எழுத வேண்டும்.

மயில் என்னும் சங்கடம்

ஒரு சங்கடத்தை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1963 முதல் மயில் நம் தேசியப் பறவை. மேற்சொன்ன சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றது. நாம் அதன் தோகையைக் கண்டு ‘ஆகா!’ என்கிறோம். பக்கத்தில் நிற்கும் வயற்காரருக்கோ, அது தின்ற நெல்லும் மிதித்த கதிரும் நினைவுக்கு வருகின்றன. அவர் வீட்டு வருஷச் சாப்பாட்டுக் கணக்கு அதில் இருக்கிறது. அவர் அங்கலாய்த்துக்கொண்டால், அதைக் கேட்பதே விருந்தாளியின் முதற் கடமை; உபதேசம் செய்வதன்று.

ஆனால் நஞ்சு வைக்கப்பட்டு மயில்கள் மாண்டு கிடப்பதைக் கண்டுவிட்டால்? விருந்தோம்பலுக்காகக் குற்றத்தை மறைக்க வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். வனத்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. அதே சமயம், யார் செய்ததென்று தெரியாமல் வயற்காரரின் பெயரையும் முகத்தையும் இணையத்தில் ஏற்றித் தூற்றுவது நம் வேலையன்று. விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு மெல்லியதுதான். ஆனாலும் கோடு இருக்கிறது.

திரும்பும்போது

போகிறபோது கேட்டதுபோல், வருகிறபோது சொல்லிக்கொண்டு வர வேண்டும். பணம் நீட்டுவது அநேகமாக அவரைப் புண்படுத்தும். அவர் வயலில் கண்ட பறவைகளின் பெயரைத் தமிழில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். கரிச்சான் ஒரு நாளைக்கு எவ்வளவு பூச்சியைப் பிடிக்கிறது என்பதை அவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அது வந்து உட்காரப் பயிர் நடுவே ‘பறவை தாங்கி’ நட்டு வைப்பவர் அவர்தான். அவருடைய பேரப்பிள்ளை கண்ணில் தொலைநோக்கியை வைத்துத் தாத்தாவின் வயலில் நிற்கும் மீன்கொத்தியைக் காட்டுங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் படம் அவர் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டால், அந்த வயலின் பறவைக்கு ஒரு காவலர் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் தமிழ்நாட்டில் 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் அவரவர் இருக்கும் இடத்திலேயே கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதுவதுதான் அதன் முறை. வருகிற தைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு அதில் சேருமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதலில் சொந்தக் கொல்லைப்புறத்து முருங்கை மரம். பிறகு தெருக்கோடி அரசமரம். அதன் பிறகு வயல். இலஞ்சிப் பக்கத்தில் அப்போது பிசான நெல் வயலில் நிற்கும்; வயற்காரருக்கு வருஷத்திலேயே மிகுந்த கவலையும் மிகுந்த மகிழ்ச்சியும் கலந்த சமயம் அது. வரப்பில் காலை வைப்பதற்கு முன்னால், பிள்ளையையே முன்னே அனுப்பி, “அண்ணாச்சி, வரலாமா?” என்று கேட்கச் சொல்லுங்கள். பறவையின் பெயரைக் கற்பதற்கு முன் அந்தப் பிள்ளை கற்க வேண்டிய வார்த்தை அதுதான்.